துள்ளிய மீன் விழுந்த இடம்

சிதம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி அண்ணாமலை நகர் போகும் வழியில் என் நண்பன் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா, முறத்தோடு வந்து நின்றார்.

"டேய், இது உன்னோடதா பாரு. தொட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால கெடந்துது."

ஒரு விரல் நீளம் இருக்கும். முன்பாதி வெள்ளையாக இருந்த மீன், இப்போது பழுப்பேறிப்போயிருந்தது. வால் பக்கம் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். முதுகில் கொடிக்கம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை முள் ஒடிந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தூசியும் தலைமுடியும். கையில் எடுத்தால் ஈர்க்குச்சி போல விறைப்பாக நின்றது. ஃபயர் ஃபிஷ் என்று கடைக்காரர்கள் சொல்லும் மீன். சென்னையிலிருந்து நண்பன் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

அவன் வாயே திறக்கவில்லை. அம்மாதான் சமையலறைக்குப் போகிற போக்கில் சொன்னார்: "இனிமே கருவாடுன்னு தனியா வாங்க வேணாம் போல."

கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு உலகம் முழுக்க இந்தக் காலை ஒருநாள் வரும். சில இடங்களில் இதற்கென்று கேலிச் சொல்லே இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. "என்னப்பா, அந்த மஞ்சள் மீன் எங்கே?" என்று கேட்டால், "கருவாடு ஆயிடுச்சு" என்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது ஒரு சத்தம். 1980களில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. இரும்பு ஆங்கிளை வெல்டிங் வைத்துச் சட்டம் அடித்து, கண்ணாடிகளை மக்கு வைத்து உட்கார்த்திய தொட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு மூலை கசியும். அதன் தலையில் பச்சை பெயின்ட் அடித்த தகர மூடி. மூடிக்குள் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு, தீனி போடுவதற்குக் கைக்குட்டை அளவு ஒரு கதவு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, திடீரென்று 'டங்' என்று கேட்கும். "கௌராமிதான்" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. திரும்பிப் படுத்துவிடுவார். மீன் துள்ளியது, தகரத்தில் முட்டியது, தண்ணீரில் விழுந்தது. காலையில் மூக்கில் ஒரு சின்னச் சிராய்ப்போடு சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தத் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது நடக்காத காரியம். உப்புத் தண்ணீர் பட்டால் ஆங்கிள் ஒரே வருஷத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். மூணு கிலோமீட்டரில் தேவனாம்பட்டினம் கடல் இருந்தும், எங்கள் தெருவில் வளர்ந்தவை எல்லாம் தங்க மீன், கப்பி, மோலி, ஏஞ்சல், கௌராமி, தனியாகப் பாட்டிலில் ஃபைட்டர். கடல் மீனை உயிரோடு கண்ணாடிக்குள் காட்டுவது பெரிய இடத்து வேலை. 1909இல் சென்னை மெரினாவில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தார்கள். அதற்கு வித்திட்டவர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரோடு அதன் கதை முடிந்தது. எங்கள் பக்கத்தில் என்றால் பரங்கிப்பேட்டைதான். ஆர். வி. சேஷையா தொடங்கிவைத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையம் வெள்ளாற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. பள்ளியிலிருந்து வேனில் கூட்டிப்போனார்கள். ஃபார்மலின் ஜாடிகளில் வெளுத்துப்போன மீன்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஐஸ் தின்றோம். உயிருள்ள கடல் மீன் என்றால் எனக்கு அன்று துறைமுகத்தில் கூடையில் துடிக்கும் மீன்தான்.

துள்ளும் மீனைப் பார்க்கத் தொட்டி தேவைப்படவும் இல்லை. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் சாயங்காலம் நின்றால் போதும். மடவை துள்ளும். ஒன்று துள்ளினால் அடுத்தடுத்து நாலைந்து. வெள்ளி வட்டம் ஒன்று எழுந்து, வளைந்து, 'ப்ளக்' என்று விழும். சில நேரம் படகுக்குள்ளேயே விழும். அப்படி விழுந்ததை "தானா வந்தது" என்று தனியாக எடுத்துவைத்துக் குழம்பு வைப்பார்கள்.

கோலா மீன் இன்னும் ஒருபடி மேல். சூரை துரத்தினால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இறக்கை போல விரிந்த துடுப்பில் மிதந்து, வெகுதூரம் தள்ளிப்போய் விழும். சோழமண்டலக் கரையில் கோடை மாதங்களில் இதற்கென்றே கட்டுமரங்கள் ஆழக்கடலுக்குப் போயின. தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிடுவார்கள். முட்டையிட இடம் தேடிவரும் கோலா, தழையை மொய்க்கும்போது வாரிக்கொள்வார்கள். மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த மீன்பிடிப்பைப் பற்றி 1923இல் விரிவாக எழுதினார். இங்கே கிடைக்கும் கோலா வகை ஒன்றுக்கு அறிவியல் பெயரிலேயே கோரமண்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்தவர் அவர்தான்.

தண்ணீரை விட்டு வெளியே வருவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மீன்களும் நம்மிடம் உண்டு. பிச்சாவரத்தில் நீர் வடிந்த நேரம் படகில் போனால், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே சேற்றில் உளுவை இனத்து மீன்கள் தத்தித் தத்திப் போவதைப் பார்க்கலாம். தலைமேல் முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கண். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கும். கொள்ளிடம் தாண்டி, சீர்காழி தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1791இல் அங்கிருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளத்தங்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் பட்டை இடுக்கில் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் அச்சிட்டது. காக்கையோ பருந்தோ தூக்கிவந்து போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். மரம் ஏறியதோ இல்லையோ, மழை நாளில் குளம் விட்டுக் குளம் தரையில் நகர்ந்து போகிறது என்பதில் சந்தேகமில்லை. காற்றை நேரடியாக மூச்சு வாங்க அதன் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது.

ஃபயர் ஃபிஷ்ஷிடம் அது இல்லை. அதன் செவுள் இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஈரத்தாள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொசைக் தரையில் கொஞ்ச நேரம் துடிக்கும். அதற்குள் யாராவது பார்த்தால் உண்டு.

அந்த இரும்புத் தொட்டியை இன்று பழைய சாமான் கடையில்கூடப் பார்க்க முடிவதில்லை. சிலிகான் பசை வந்து இரும்புச் சட்டத்துக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டினால் தொட்டி. துருப்பிடிக்க அதில் எதுவுமில்லை. உப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது அந்த வழியாகத்தான். 2003இல் ஒரு கார்ட்டூன் படம் வந்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு உலகம் முழுக்க நிமோ என்று பெயர் வைத்துவிட்டுப் போனது. கடலூர்ப் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கோமாளி மீன் வேறு வகை, கறுத்த உடம்பும் மஞ்சள் வாலும். நிமோ வகைக்கு இந்தியாவில் அந்தமானுக்குப் போக வேண்டும். ஆனால் 2000களின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டை நிலையத்திலேயே பல வகைக் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், அதுவும் வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரில். சின்ன வயதில் ஜாடி பார்த்த அதே வளாகம்.

அங்கே ஒருமுறை போயிருந்தேன். ஓட்டுத்துண்டில் செங்கல் நிறத்தில் ஒட்டியிருந்த முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. முட்டை பொரிய ஒரு வாரம் ஆகும். பொரிவது இருட்டிய பிறகுதான். பெண் மீன் பெரிது, ஆண் சின்னது. பெண் செத்துப்போனால் ஆணே பெண்ணாக மாறிவிடும். இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று: பெரியது சின்னதை அதட்டிக்கொண்டே இருக்கும். அதட்டல் சில நாள் விரட்டலாக மாறும்.

நண்பன் முதல் தொட்டி வைத்தபோது தண்ணீருக்குச் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போவோம். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன். ஐப்பசி, கார்த்திகையில் போகக் கூடாது என்பதை நஷ்டப்பட்டுக் கற்றோம். ஆற்று வெள்ளம் சேர்ந்து கரையோரத் தண்ணீர் உப்புக் குறைந்து, செம்மண்ணாக இருக்கும். இப்போது அவன் உப்புத்தூள் வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கலக்கிக்கொள்கிறான். நான் கடலூர்க்காரன், கடல் இத்தனை கிட்ட இருக்கக் காசு கொடுத்துக் கடல் வாங்குவதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சிக்கல் வந்தது மூடியில்தான். வெளிநாட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்குப் பிரமாதமான வெளிச்சம் வேண்டும். தொட்டிக்கு மேல் பெரிய விளக்கைத் தொங்கவிட்டார்கள். கண்ணாடி மூடி போட்டால் உப்புப் படிந்து வெளிச்சம் குறையும், சூடு தங்கும். அதனால் மூடியை எடுத்தார்கள். பிறகு விளிம்புச் சட்டத்தையும் எடுத்தார்கள். தண்ணீர் கட்டி நிற்பது மாதிரி, ஒரு கண்ணாடிக் கனசதுரம். பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. இங்கே கல் பவளம் முழுவதும் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளத்தைக் கடலிலிருந்து எடுத்துவந்து வளர்க்கச் சட்டம் இடம் தராது. ஆனால் பவளத்துக்காகத் திறந்துபோட்ட தொட்டியை மட்டும் அப்படியே இறக்கிக்கொண்டோம். உள்ளே வெறும் கல்லும் மீனும். மேலே ஆகாசம்.

மீன் ஏன் துள்ளுகிறது என்று கேட்டால் நண்பன் ஒரு மணி நேரம் பேசுவான். புது மீன் முதல் வாரம் துள்ளும். தண்ணீரில் அம்மோனியா ஏறினால் துள்ளும். பிராணவாயு குறைந்தால் மேலே வந்து திணறி, அப்படியே எகிறும். ஃபயர் ஃபிஷ் கடலில் தன் வளைக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும், நிழல் விழுந்தால் சரக்கென்று வளைக்குள் போய்விடும். தொட்டியில் வளை இல்லை, அல்லது அந்த வளையை வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. பெரியது விரட்டுகிறது. கடலில் விரட்டினால் ஓட எட்டுத் திசை. மூன்றடித் தொட்டியில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடி. கண்ணாடி இல்லாத பக்கம் ஒன்றுதான்.

மீன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உப்பனாற்று மடவை செய்வதும் இதையேதான். எகிறினால் மறுபடி தண்ணீரில்தான் விழுவோம் என்பது அதன் தாத்தா காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கில் தண்ணீரின் அகலம் ஒன்றரை அடி என்று எங்கும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது, மின்வெட்டு. 2012இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலம் யாருக்கும் மறந்திருக்காது. தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போது ஒரே நொடியில் இருட்டு. கடலில் சூரியன் இப்படி அணைவதில்லை. மோட்டார் நின்று, அலை நின்று, எல்லாமே நின்றுபோகும். பிறகு யாராவது டார்ச்சை எடுத்துக்கொண்டு 'மீனுக்கு என்ன ஆச்சு' என்று முகத்தில் அடிப்பார். அந்த வருஷம் நண்பன் தொலைத்த மீன்களில் பாதி, கரண்ட் போய் ஐந்து நிமிஷத்துக்குள் போனவை.

அதற்கும் முன்னால் 'தானே'. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல். பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்த அந்த நாட்களில் மீன் தொட்டியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நண்பன் பேசினான், நான் போனேன். மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பித்தளைச் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தோம், காற்றுக் கலக்கட்டும் என்று. முறை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு கோமாளி மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மூணாம் நாள் விடியற்காலை நான் கண்ணயர்ந்த அரை மணியில் ஒன்று இல்லை. சொம்புக்குள் இருக்குமோ என்றுகூடப் பார்த்தோம். என் செருப்பில் கிடந்தது.

அது இன்னும் ஈரமாக இருந்தது. நண்பன் கையை நனைத்துக்கொண்டு அதை எடுத்தான். ஒட்டியிருந்த மண்ணைத் தேய்க்கவில்லை. தேய்த்தால் வழுவழுப்பு போய்விடும், அதுதான் மீனுக்குத் தோல்மேல் தோல். தொட்டித் தண்ணீரில் மெல்ல அலசினான். உள்ளங்கையில் ஏந்தி, வாய்ப் பக்கம் தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு செவுள் அசைந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிழைத்துக்கொண்டது. மற்றதுதான் அந்த வாரமே போய்விட்டது.

இன்வெர்ட்டர் வந்தது, எல்.இ.டி. வந்தது. விளக்கு இப்போது பட்டென்று அணைவதில்லை. ஆறரைக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் மெல்ல மெல்ல மங்கி, நீலமாகி, அப்புறம்தான் இருளும். துள்ளல் பெருமளவு குறைந்தது. நிற்கவில்லை. ஃபயர் ஃபிஷ் போனது இத்தனைக்கும் பிறகு.

கண்ணாடி மூடி போடலாம் என்றேன். அக்னி நட்சத்திரத்தில் சிதம்பரத்தில் மூடிவைத்தால் மீன் கருவாடு ஆகாது, குழம்பாகும் என்றான். உண்மைதான். திறந்த தொட்டியில் தினமும் நிறையத் தண்ணீர் ஆவியாகிறது, அந்த ஆவிதான் தொட்டியைக் குளிர்விக்கிறது. உப்பு ஆவியாவதில்லை என்பதால் ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. சுற்றிச் சுற்றி வலைக்கு வந்தோம். வெளிச்சமும் காற்றும் போகும், மீன் போகாது.

கடலூர் முதுநகரில் வலை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"எத்தினி பெரிய மீனு தம்பி?"

நண்பன் சுண்டுவிரலைக் காட்டினான்.

"அப்ப நெத்திலி வலையே பத்தாதே, பூந்து போயிடும்." உள்ளே போய் இறால் குட்டைக்குக் கட்டுகிற பொடிக்கண் வலையில் ஒரு துண்டு எடுத்துவந்தார். கண் ஒவ்வொன்றும் கால் அங்குலம். "எங்க கட்டப் போறீங்க?"

"தொட்டிக்கு மேலண்ணே. வெளிய குதிக்காம இருக்க."

ஊசி நின்றுவிட்டது. "அறுவது வருசமா மீன வெளிய எடுக்கத்தான் வலை கேட்டு வருவாங்க. உள்ளயே வச்சிருக்கணும்னு கேட்டு வந்தவங்க நீங்கதான்" என்று சிரித்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். மிஞ்சிய துண்டுக்கு என்ன காசு, அந்த மீனுக்குக் கறியாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். அப்புறம் எதற்கு என்று கேட்கவில்லை, அவ்வளவு மரியாதை.

ஜன்னல் செய்யும் கடையில் அலுமினியச் சட்டம் அடித்து அதில் வலையை இழுத்துக் கட்டினோம். ஒயரும் குழாயும் போக ஒரு மூலையை வெட்டினோம். அடுத்த ராத்திரியே ஒரு மீன் சரியாக அந்த மூலை வழியாகத்தான் வெளியே வந்து, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்குள் விழுந்து பிழைத்தது. மூன்றடியில் ஓர் அங்குலச் சந்து, அதைத்தான் கண்டுபிடிக்கும். மறுநாள் அந்தச் சந்தையும் பஞ்சால் அடைத்தோம்.

போன மாதம் அவன் வீட்டில் தங்கினேன். தொட்டி இருந்த கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். அம்மா உள்ளறையில். விளக்கு நீலமாகி, அணைந்து, வெகுநேரம் ஆகியிருக்கும். இருட்டில் 'தப்' என்று ஒரு சத்தம், வலை அதிர்ந்தது, பின்னாலேயே 'ப்ளக்'.

"என்னடா அது?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்லம்மா. மீன்தான்" என்றான் நண்பன், கண்ணைத் திறக்காமலே. திரும்பிப் படுத்தான்.